ஒரு நூல் இறக்கிய கூரை

அன்றைக்கு ஷெட்டில் இருந்தவர்கள் இவர்கள். மேஸ்திரி இருந்தார். பெயிண்டர் இருந்தான். விழுப்புரத்திலிருந்து வந்த டிங்கர் இருந்தான், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு. என் மனைவி இருந்தாள். அவள் உள்ளே வரவில்லை, வாசலில் தண்ணீர் டிரம் பக்கம் நின்றாள். நான் இருந்தேன். எங்கள் நடுவில் இரண்டு மரக்கட்டை மேல் ஒரு டெம்போக் கதவு கிடந்தது.

அந்தக் கதவில் நசுங்கின ஒடுக்கு எத்தனை இருக்கிறது என்று நான் கண்ணைக் கட்டிக்கொண்டு வலது கையால் தடவிச் சொல்ல வேண்டும். மேஸ்திரி காலையிலேயே தடவி எண்ணிவிட்டார். எண்ணிக்கையைச் சாக்பீஸால் சுவரில் எழுதி, மேலே காலண்டரைத் தொங்கவிட்டிருந்தார். என் எண்ணும் அவர் எண்ணும் ஒன்றாக இருந்தால் மறுநாள் நான் வேலைக்கு வரலாம். இல்லாவிட்டால் விழுப்புரத்து ஆள் வருவான். அவ்வளவுதான் பேச்சு.

எப்படி அங்கே வந்து நின்றேன் என்பதைச் சொல்கிறேன்.

எனக்கு ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு. வில்லியனூர் தாண்டி விழுப்புரம் போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் ஷெட். டெம்போவுக்கு பாடி கட்டுவோம். அடிபட்ட வண்டிக்கு ஒடுக்கு எடுப்போம். இருபத்திரண்டு வருஷம் அங்கே வேலை செய்தேன். வேறு வேலை தெரியாது.

டிங்கர் வேலையில் கண்ணை நம்பக் கூடாது. தகரம் வெயிலில் ஒரு மாதிரி தெரியும், நிழலில் ஒரு மாதிரி தெரியும். ஒடுக்கை அடித்து எடுத்த பிறகு உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று கை சொல்லும். நாங்கள் யாரும் கிளவுஸ் போடமாட்டோம். போட்டால் கை செத்த கை.

போன தை மாதம், பொங்கல் கழிந்து நாலாம் நாள். ஒரு டெம்போவுக்குக் கூரைத் தகடு ஏற்றினோம். அந்தப் பக்கம் பெயிண்டர் பிடித்தான், இந்தப் பக்கம் நான். காற்று அடித்தது. தகடு சரிந்தது. கீழே விட்டிருந்தால் தகடுதான் நெளிந்திருக்கும். நான் பிடித்தேன். மணிக்கட்டின் உள்பக்கம் அறுத்துக்கொண்டு போயிற்று.

பெயிண்டர் தன் துடைக்கிற துணியால் இறுக்கிக் கட்டினான். அதில் தின்னர் இருந்தது. காந்தல் தாங்கவில்லை. அந்தக் கையில் நான் கடைசியாகப் பட்ட வலி அதுதான். கூரை இல்லாத அதே டெம்போவில் அரியூர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

தசைநாரைத் தைத்தார்கள். நரம்பையும் தைத்தார்கள். விரல் மடங்கியது. ஆனால் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், உள்ளங்கையில் பெரும்பாகம், எதிலும் ஒன்றும் தெரியவில்லை. சுண்டுவிரல் பக்கம் மட்டும் உயிர் இருந்தது. அதற்கு வேறு நரம்பாம், அது அறுபடவில்லையாம்.

பயிற்சி கொடுக்கிற பிசியோ அம்மா சொன்னாள், தைத்த நரம்பு வளரும், சுமாராக மாதத்துக்கு ஓர் அங்குலம், ஆனால் எவ்வளவு திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது என்று.

நாங்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து, ஒரு பங்கை நூல் என்போம். மாதத்துக்கு எட்டு நூல் என்றால் வாரத்துக்கு இரண்டு நூல். வீட்டுக்கு வந்து டேப் வைத்துப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி ஏழு அங்குலம். ஏழு மாதம்.

மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். அவர் காலண்டரைப் பார்த்தார். ஆவணியில் எஃப்.சி.க்குப் போகிற வண்டிகள் சேர்ந்து வரும், அதற்கு மேல் டிங்கர் இல்லாமல் தள்ள முடியாது, ஆடி முடிகிறவரை பார்க்கிறேன் என்றார். அது நியாயம்தான். வேறு இடமாக இருந்தால் மாசியிலேயே ஆள் வைத்திருப்பார்கள்.

ஒரு காரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அடிபடுவதற்கு முந்தின மழைக்காலம். மழையில் டெம்போ வேலை குறையும். பெயிண்டர் சும்மா உட்காராத ஆள், கையில் பிரஷ் இல்லாவிட்டால் போன் இருக்கும். ஒரு நாள் எனக்கு ஒரு காரைக் காட்டினான். அமெரிக்காவில் பழைய காலத்துக் கார். மட்கார்டு கிடையாது. முன்சக்கரம் அம்மணமாகத் தெரிகிறது. பானெட்டின் இரண்டு பக்கமும் மீன் செவுள் மாதிரி வரிசையாகக் கீறல். மேலே கூரை, யாரோ உச்சியில் கை வைத்து அமுக்கினது மாதிரி தாழ்ந்திருந்தது. ஹாட் ராட் என்று பெயராம். அந்த ஊரில் இளவட்டங்கள் ஓட்டைக் காரை வாங்கி, வேண்டாததைக் கழற்றி எறிந்து, பெரிய இன்ஜினை வைத்து, கூரையை வெட்டி இறக்கி ஓட்டுவார்களாம்.

“ண்ணா, இத்த நம்ம ஊர் ரோட்ல எறக்கனா வண்டியும் உள்ள, நம்பளும் உள்ள” என்றான்.

மேஸ்திரியும் எட்டிப் பார்த்தார். “முப்பது வருசமா கூரைய ஏத்திக் கட்டு, ஏத்திக் கட்டுன்னுதான் என்கிட்ட வரானுங்க. எறக்குன்னு கேட்டவன் ஒருத்தன் கெடையாது. இதுல குந்தினா மண்டைய கயட்டி மடியில வச்சிக்கணும் போல கீதே” என்றார்.

எனக்கு அது சிரிப்பாக இல்லை. கூரை இறக்குவது எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும். தூண்களை வெட்டிவிட்டால் திரும்ப வழி கிடையாது. தூண்கள் சாய்ந்திருக்கும், அதனால் மேல்பாகமும் கீழ்பாகமும் ஒன்றுக்கொன்று நேராக வராது. கூரையை நடுவில் பிளந்து துண்டு சேர்க்க வேண்டும். அத்தனையும் பார்வைக்கு மட்டும். மழைக்கு இல்லை, சுமைக்கு இல்லை.

ஒரு வீடியோவில் ஒரு பெரியவர் அப்படி ஒரு காரின் பக்கத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தடவினார். அவர் பேசினது எனக்குப் புரியவில்லை. தடவினது புரிந்தது.

உலகத்தில் நிறைய பேர் அந்தக் கார்களைப் பார்த்துச் சின்னதாகக் கட்டுகிறார்கள் என்றான் பெயிண்டர். பெட்டியில் பிளாஸ்டிக் பாகம் வருமாம். அதை வாங்கி, நிஜக் காரைப் பார்த்து அதே மாதிரி வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடிப்பார்களாம். இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவு என்றான். எனக்குப் பெட்டி எங்கே. நெய் டின் இருந்தது.

அந்த மழை முடிவதற்குள் ஒரு கார் கட்டினேன். நெய் டின் தகரம், ஈயப் பற்று. டயருக்கு ரப்பர் வாஷர். இன்ஜின் குழாய்க்குத் தீர்ந்த ரீபில். முன்விளக்குக்கு என் மனைவியின் பழைய கம்மல் திருகாணி இரண்டு. கூரையை நான் இறக்கவில்லை. முதல் கார், இருக்கிற உயரத்திலேயே இருக்கட்டும் என்று விட்டேன். பெயிண்டர் சிவப்பு அடித்து, முன்னாலிருந்து பின்னால் போகிற மாதிரி மஞ்சள் நெருப்பு எழுதினான். மேஸ்திரி, இத்தனை வயதில் பொம்மையா என்றார். ஆனால் சாமி படத்துக்குப் பக்கத்தில் பலகையில் அவரேதான் வைத்தார். வண்டி விட வருகிறவர்களிடம் காட்டினதும் அவர்தான். அடுத்த மழைக்குக் கூரை இறக்கினது ஒன்று கட்டுவேன் என்று பெயிண்டரிடம் சொல்லியிருந்தேன்.

அடுத்த மழை வருவதற்குள் கை போயிற்று.

வீடு மடுகரையில். என் மனைவி கரும்புக்குச் சோகை உரிக்கப் போவாள். சோகை அறுக்காமல் இருக்க என் பழைய ஷெட் சட்டையைப் போட்டுக்கொள்வாள், முழுக்கை சட்டை. அவள் என் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள், நான் வீட்டில் உட்கார்ந்திருப்பேன். பட்டன் போடத் தெரியவில்லை எனக்கு. பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். இருட்டான அறையில் போட முடியாது. சோறு இடது கையில் தின்றேன். முதல் நாள் அவள் தட்டை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். பிறகு பழகிப்போயிற்று.

பிசியோ அம்மா ஒரு தட்டில் அரிசி கொட்டி, உள்ளே பட்டன், போல்ட், பயறு என்று புதைத்து வைப்பாள். பார்க்காமல் எடுத்து என்ன என்று சொல்ல வேண்டும். எனக்கு எல்லாம் அரிசிதான். அரிசியும் அரிசி இல்லை. கையைக் காற்றில் விட்டது மாதிரி இருக்கும். வீட்டில் சின்னச் சின்ன வேலை செய்யுங்கள், கை பயன்பட்டுக்கொண்டே இருந்தால்தான் மூளை அந்தக் கையை மறக்காது என்றாள்.

நான் தகரத்தை எடுத்தேன்.

இந்தக் கையால் கூரை இறக்கிவிட்டால் ஷெட் வேலையும் செய்துவிடலாம் என்று நானே எனக்குப் பந்தயம் வைத்துக்கொண்டேன். வேறு எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அளவு போனில் கேட்டுக்கொண்டேன். நிஜக் காரில் கூரையை மூன்று அங்குலம் இறக்குவார்கள் என்றான் பெயிண்டர். மூன்று அங்குலம் என்றால் இருபத்துநான்கு நூல். இருபத்துநான்கில் ஒரு பங்கு, ஒரே நூல். ஒரு நூல் இறக்க வேண்டும். அவ்வளவுதான்.

முதல் காரின் அளவிலேயே இன்னொரு கார் கட்ட இரண்டு மாதம் ஆயிற்று. இடது கை வெட்டியது, வலது கை கல் மாதிரி மேலே அழுத்திக்கொண்டு இருந்தது. ஒரு நாள் சூடுகோலால் ஈயம் பற்றவைக்கும்போது என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். “இன்னாங்க, இன்னாத்த கருக்குறீங்க?” என்று கேட்டாள். நான் ஒன்றும் கருக்கவில்லை என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். சூடுகோல் என் ஆள்காட்டி விரல் மேல் சாய்ந்து கிடந்தது. நான் தூண் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாசனை அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது.

அவள் சூடுகோலின் ஒயரைப் பிடுங்கினாள். விரலைத் தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். அவள் கை என் கை மேல் இருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சித்திரை நடுவில் பெயிண்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஷெட்டிலிருந்து சிவப்புக் காரை எடுத்து வந்திருந்தான். தரையில் இரண்டையும் நிறுத்தினோம். நெருப்பு எழுதின சிவப்பு, பக்கத்தில் பெயிண்ட் இல்லாத வெறும் தகரம்.

என் மனைவிதான் சொன்னாள்.

“ரெண்டும் ஒரே ஒசரமாத்தானே கீது?”

பெயிண்டர் இரண்டு கூரைக்கும் சேர்த்து ஒரு ஸ்கேலை வைத்தான். ஸ்கேல் ஆடவில்லை. மட்டமாக நின்றது.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. தூண்களில் வெட்டின துண்டு நாலும் டப்பாவில் இருந்தது. எடுத்து அளந்தேன். ஒவ்வொன்றும் ஒரு நூல் தான். வெட்டியிருக்கிறேன். பிறகு எப்படி?

அப்புறம்தான் தெரிந்தது. டெம்போவுக்குத் தகடு வெட்டும்போது, அளவுக்கு மேல் ஒரு நூல் கூட விடுவோம். மடித்துத் தட்டுவதற்கு. மடிப்புக்கு ஒரு நூல் என்பது முதல் நாள் வேலையிலேயே சொல்லிக்கொடுக்கிறது. இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் வெட்டினேன். இதிலும் கூரையின் மேல்பாகத்தைப் புதிதாக வெட்டினபோது கை தானாக ஒரு நூல் கூட விட்டிருக்கிறது. ஆனால் இந்தக் காரில் மடிப்பு கிடையாது. முனைக்கு முனை வைத்து ஈயம் பற்ற வைக்கிறேன். டெம்போவில் ஒரு நூல் தூசி. இதில் அது மூன்று அங்குலம். கீழே ஒரு நூல் வெட்டி, மேலே ஒரு நூல் ஏற்றி, இரண்டு மாதம் உழைத்து, கூரையைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

பெயிண்டர் சிரித்தான். “கூரைய எறக்கச் சொன்னா டெம்போ கட்டி வச்சிகிறியேண்ணா. டிக்கெட் ஏத்தலாமா?” என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

தகரத்தைத் தொட்டால் தெரியாது அந்தக் கைக்கு. நெருப்பு சுட்டால் தெரியாது. மடிப்புக்கு ஒரு நூல் விட மட்டும் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் அவள் வேலைக்குப் போகும்முன் அந்த வெறும் தகரக் காரை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

மறுபடி வெட்டினேன். இந்த முறை நிஜமாகவே இறங்கியது. இறங்கினதும் தூண்கள் ஒன்றோடொன்று சேராமல் நின்றன. வீடியோவில் பார்த்த மாதிரியே கூரையை நடுவில் குறுக்காகப் பிளந்து, தகரப் பட்டை ஒன்று சேர்த்துப் பற்ற வைத்தேன். இப்போது சூடுகோலில் துணி சுற்றிக்கொண்டேன். கண்ணாடிக்கு என் மணிக்கட்டு எக்ஸ்ரேயை வெட்டி ஒட்டினேன். கூரை தாழ்ந்ததால் கண்ணாடி ஒரு கீற்றுதான். அதில் எலும்பு எதுவும் தெரியாது. புகைக் கண்ணாடி மாதிரி நீலமாக இருந்தது.

கடைசியாக பானெட்டின் செவுள். ரம்பப் பிளேடு ஒன்றை உளியாகத் தேய்த்து, ஈயக்கட்டி மேல் தகரத்தை வைத்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். பக்கத்துக்குப் பன்னிரண்டு. மொத்தம் இருபத்துநான்கு. ஒவ்வொன்றும் அரை நூல்கூட எழும்பி இருக்காது.

அன்று சாயங்காலம் என் மனைவி காரைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “கண்ண மூடுங்க. வெரல வச்சி எத்தினின்னு சொல்லுங்க” என்றாள். அரிசித் தட்டு மாதிரி இதுவும் ஒரு பயிற்சி என்று அவளே நினைத்திருக்கிறாள். ஆள்காட்டி விரலை வைத்து முன்னிருந்து பின்னால் இழுத்தேன். ஒன்றும் இல்லை. விரல் தகரத்தில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். இருந்தது.

தினமும் அவள் வேலைவிட்டு வந்து, கை கால் கழுவி, சோறு வைப்பதற்கு முன் இதைச் செய்வோம். வைகாசி முழுக்க ஒன்றுமில்லை. ஆனியில் மூன்று. அது தொடுகிற மாதிரி இல்லை, எறும்பு கடிக்கிற மாதிரி இருந்தது. நரம்பு திரும்புகிற வழி அதுதான் என்றாள் பிசியோ அம்மா. உள்ளங்கையில் தட்டிப் பார்த்து, கரண்டு அடிக்கிற இடத்தில் பேனாவால் கோடு போடுவாள். கோடு விரல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஐந்து ஆயிற்று. ஆடி பிறந்தபோது ஏழு. அப்புறம் ஒன்பது.

ஒன்பதில் நின்றுவிட்டது.

ஒரு நாள் ஒன்பது, மறுநாள் எட்டு, மறுபடி ஒன்பது. விழுப்புரத்திலிருந்து ஒரு ஆள் பேசியிருக்கிறார்கள் என்று பெயிண்டர் போனில் சொன்னான். நல்ல வேலைக்காரனாம். நான் சரி என்றேன்.

மத்தியானத்தில் வீட்டில் ஆள் இருக்காது. ஊசியை எடுத்து விரல் நுனியில் குத்திப் பார்ப்பேன். வலிக்க வேண்டும் என்று குத்துவேன். ரத்தம் வரும், வலி வராது. சாமி கும்பிட எனக்கு வராது. ஆனால் அப்போது, வலியைக் கொடு என்று கேட்டேன். யாரைக் கேட்டேன் என்று தெரியாது. வீட்டில் யாருமில்லை.

ஆடி கடைசி வெள்ளி மேஸ்திரி வரச் சொன்னார். அவள் வேலைக்குப் போகாமல் என்னோடு வந்தாள். நான் கூப்பிடவில்லை. கார் அவள் கூடையில் இருந்தது.

இனி அந்தக் கதவு.

மேஸ்திரி துண்டை எடுத்து என் கண்ணைக் கட்டினார். மெல்லிய வேட்டித் துணி ஒன்று கொடுத்தார். துணியைக் கைக்கும் தகரத்துக்கும் நடுவில் வைத்தால் கை வழுக்கிக்கொண்டு போகும், மேடு பள்ளம் துலக்கமாகத் தெரியும். அது ஏமாற்று இல்லை, எல்லோரும் செய்வதுதான்.

மேலே இடது மூலையிலிருந்து ஆரம்பித்தேன். பெரிய ஒடுக்கு சுண்டுவிரல் பக்கமே தெரிந்தது. ஒன்று. அதற்குக் கீழே இன்னொன்று. இரண்டு. கைப்பிடி ஓட்டைக்குப் பக்கத்தில் எறும்பு ஓடியது. மூன்று. பிறகு கைக்குத் தகரம் இல்லாமல் போயிற்று. வெறும் இடத்தில் கை போய்க்கொண்டிருந்தது. மறுபடி வந்தது. நாலு. ஐந்து.

அப்போது பெயிண்டர் பெயிண்ட் கலக்கிற சத்தம் கேட்டது. குச்சியை டப்பா விளிம்பில் தட்டினான். சும்மா தட்டுகிறான் என்று நினைத்தேன். நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டினான். இந்த முறை எண்ணினேன். பதினொன்று. நிறுத்தினான். மூன்றாவது முறையும் பதினொன்று.

அவன் காலண்டருக்குப் பின்னால் பார்த்திருக்கிறான்.

நான் கதவின் கடைசி மூலைவரை போனேன். திரும்ப ஆரம்பத்திலிருந்து வந்தேன். வியர்வையில் துணி கதவில் ஒட்டியது.

“எத்தினிபா?” என்றார் மேஸ்திரி.

“ஏழு.”

மேஸ்திரி காலண்டரைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. துண்டை நானே அவிழ்த்தேன். பதினொன்று என்று எழுதியிருந்தது. பெயிண்டர் குச்சியை டப்பாவுக்குள் விட்டுவிட்டு வெளியே போனான்.

மேஸ்திரி காலண்டரைப் பழையபடி ஆணியில் மாட்டினார். “டப்பா சத்தம் எனக்கும் கேட்டுச்சி. நீ பதினொண்ணு சொல்லியிருந்தா நான் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன்” என்றார்.

எனக்கு அது தெரியும். சொல்லிவிட்டு மறுநாள் வந்திருப்பேன். முதல் வண்டியை அடித்து, தடவி, சரி என்று பெயிண்டருக்குத் தள்ளியிருப்பேன். பெயிண்ட் ஒடுக்கை மறைக்காது. பெயிண்ட் ஏறி மினுங்கும்போதுதான் ஒடுக்கு தெரியும். கண் தெரிந்த எவனும் பார்ப்பான். நான் விட்ட நாலும் அதில் நிற்கும்.

“நாளைக்கு வந்துடு” என்று விழுப்புரத்து ஆளிடம் சொன்னார் மேஸ்திரி. அவரும் வெளியே போனார்.

விழுப்புரத்து ஆளுக்கு முப்பது வயது இருக்கும். அவன் எழுந்து நின்றான், போகவில்லை. வாசலில் என் மனைவி கூடையைக் கீழே வைத்திருந்தாள். அதில் காரைப் பார்த்துவிட்டான். எடுக்கலாமா என்று அவளிடம் கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

இரண்டு கையாலும் எடுத்தான். கண்ணுக்கு நேராக வைத்து ஒரு பக்கமாகப் பார்த்தான். பெயிண்டர் திரும்பக் கொண்டுவந்து பலகையில் வைத்திருந்த சிவப்புக் காரைப் பார்த்தான். மறுபடி இதைப் பார்த்தான்.

“எவ்ளோ எறக்கனீங்கண்ணா?”

“ஒரு நூல்.”

உதட்டுக்குள் கணக்குப் போட்டான். “நெஜ வண்டிக்கு மூணு அங்குலம்” என்றான். “மடிப்பு உடலயா?”

“உட்டேன். மறுபடி வெட்டனேன்.”

அவன் சிரிக்கவில்லை. நானும் உட்டுருப்பேன் என்றான். கூரை மேல் விரலை வைத்து மெதுவாகப் பின்னால் இழுத்தான். நடுவில், பட்டை சேர்த்த இடத்தில், விரல் நின்றது. கொஞ்சம் பின்னால் போய் மறுபடி வந்தது. அதே இடத்தில் நின்றது.

“இங்க லேசா ஒரு மேடு கீதுண்ணா.”

நான் அதே இடத்தில் விரலை வைத்தேன். இழுத்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. அவன் விரல் காட்டின இடத்தில்தான் என் விரலும் இருந்தது. இரண்டு வாரம் அந்தக் கூரையைத் தேய்த்திருக்கிறேன்.

அவன் பைக்குள் கைவிட்டு ஒரு சின்ன அரத்தை எடுத்தான். “ரெண்டு இழுப்புதான். தேச்சிடட்டுமா?” என்றான். நல்ல மனதோடுதான் கேட்டான்.

“வேணாம்பா. எனக்குத் தெரியட்டும். அப்பால நானே தேச்சிக்கிறேன்.”

அவன் அரத்தைப் பைக்குள் போட்டான். காரை என் கையில் கொடுக்காமல் என் மனைவி கையில் கொடுத்தான். நான் நழுவவிட்டுவிடுவேன் என்று நினைத்திருப்பான். சரியாகத்தான் நினைத்தான்.

சிவப்புக் காரைப் பலகையிலேயே விட்டுவிட்டேன். என் சுத்தியல் இரண்டும் பெஞ்சுக்குக் கீழே இருந்தது. அதையும் எடுக்கவில்லை. எடுத்துக்கொள் என்று யாரும் சொல்லவில்லை.

வில்லியனூர் வந்து மடுகரை பஸ்ஸுக்கு நின்றோம். வெயில். பஸ் ஸ்டாப் கூரைக்குக் கீழே இரண்டு கட்டு கீரையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். ஏன் ஏழு என்று சொன்னீர்கள் என்று என் மனைவி கேட்பாள் என்று காத்திருந்தேன். அவளுக்கும் டப்பா சத்தம் கேட்டிருக்கும்.

அவள் உட்கார்ந்து, புடவை முந்தானையால் காரின் தூசியைத் துடைத்தாள். என் பக்கம் திரும்பி, காரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“கண்ண மூடுங்க” என்றாள்.

“இங்கயா?”

“எங்கயா இருந்தா இன்னா.”

மூடினேன். கீரைக்கார அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தெரியும். ஒரு கையை எடுத்து, என் ஆள்காட்டி விரலை பானெட்டின் முன்பக்கம் வைத்தாள் அவள். நான் பின்னால் இழுத்தேன். அந்தப் பக்கம் முடிந்ததும் காரைத் திருப்பினாள். இந்தப் பக்கம் இழுத்தேன். பஸ் வருகிற சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. நான் முதலிலிருந்து இன்னொரு தரம் எண்ணினேன்.

“எத்தினி?” என்றாள்.

பத்து.